வால் முளைத்த புள்ளி

தன்னை நிராகரித்த முத்திரையை அவள் பார்த்த மாத்திரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள். அதை வெட்டியவள் அவள்தான்.

சனிக்கிழமை பிற்பகல் தபாலில் வந்த உறையை நாத்தனார் வாங்கி ஃபிரிட்ஜின் தலையில் வைத்திருந்தாள். மூன்று வாரங்களுக்கு முன் அவள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் அதனுள் அப்படியே திரும்பி வந்திருந்தது. நகராட்சி நூலகத்தின் மாடிக் கூடத்தில் பத்து நாள் நடக்கவிருந்த படக் கண்காட்சியில் தன்னுடைய பன்னிரண்டு படங்களுக்கு இடம் கேட்ட விண்ணப்பம் அது. அதன் குறுக்கே, சிவப்பு மையில், சற்றே சாய்வாக, ‘நிராகரிக்கப்பட்டது’ என்றிருந்தது. பதினோரு எழுத்து, மூன்று புள்ளி. மூன்று புள்ளிகளும் எள்ளைப் போல ஒரு பக்கம் கூர்ந்து, இடப்புறமாக வால் நீட்டியிருந்தன. அந்த ஊரில் வேறு யார் வெட்டினாலும் புள்ளிக்கு அப்படி வால் முளைக்காது.

காரணம் என்ற கட்டத்தில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘படைப்புகள் விண்ணப்பதாரரால் செய்யப்பட்டவை என்பதற்குப் போதிய சான்று இல்லை.’ முத்திரையின் பின்பாதி அந்த வாக்கியத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். விண்ணப்பத்தோடு கொடுத்த பன்னிரண்டு படங்களில் ஒன்றுகூட அதில் இல்லை.

"என்ன அண்ணி, இடம் கொடுத்தாங்களா?" என்றாள் நாத்தனார்.

அவள் தாளை நீட்டினாள். நாத்தனார் ஆஸ்பத்திரிப் பதிவறையில் கோப்பு எடுத்துக் கொடுப்பவள்; நாளெல்லாம் முத்திரைகளோடு புழங்குபவள். ஒரே பார்வையில் படித்துவிட்டு, "நல்லா அழுத்தித்தான் குத்தியிருக்காங்க" என்றாள். பேருந்துப் பணிமனையிலிருந்து கிரீஸ் கையோடு வந்த கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கு எதற்கு, படத்தை நம் வீட்டுச் சுவரில் மாட்டினால் போயிற்று என்றான். அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர் விடமாட்டார் என்பது அவனுக்கு நினைவில்லை.

அவள் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். பேசாமலிருப்பது அவளுக்குக் கைவந்த கலை. மற்றொரு கலை கைக்கு வந்தது மிகவும் பிந்தித்தான்.

அவள் வேலை பார்த்த ரப்பர் ஸ்டாம்ப் கடை நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்தது. முன்னறையில் முதலாளி உட்கார்ந்து ஆர்டர் வாங்குவார். அவருக்கு மாமனார் வழியாக வந்த கடை. மாமனார் வெட்டுவார், மருமகனான இவர் ஆர்டர் வாங்கி வைப்பார். மாமனார் போன பிறகு வெட்டுவதற்கு அவளைச் சேர்த்துக்கொண்டார். பின்னறையில் ஜன்னலை ஒட்டி அவளது மேசை. பக்கத்துத் தெருவில் இயந்திரத்தால் முத்திரை செய்யும் கடை ஒன்று இருந்தது; ஆனாலும் அலுவலகங்கள் இங்கேதான் வந்தன. கையால் ஆழமாக வெட்டிய எழுத்து ஆண்டுக்கணக்கில் தேயாது, அதிகாரமும் ஆண்டுக்கணக்கில் தேயக் கூடாது அல்லவா.

மற்றவர்கள் சொல்லைத் தாளில் நேராக எழுதி, கவிழ்த்துத் தேய்த்து, ரப்பரில் இடவலமாக மாற்றிக்கொள்வார்கள். அவளுக்கு அது தேவையில்லை. பதினோரு ஆண்டுகளில் கண்ணாடி எழுத்து அவள் விரலுக்குத் தாய்மொழியாகிவிட்டது. பென்சிலால் நேரடியாகவே ரப்பர் தகட்டில் திருப்பி எழுதி, சாய்வுக் கத்தியால் ஓரம் கீறி, வளைந்த உளியால் பள்ளம் தோண்டி, மரப்பிடியில் ஒட்டி, மைப்பஞ்சில் ஒற்றி, துண்டுத் தாளில் குத்திப் பார்ப்பாள். ‘பெறப்பட்டது’, ‘உண்மை நகல்’, ‘நேரில் வரவும்’, ‘காலாவதி’. அவள் வெட்டிய சொல்லுக்கு ஊரே பயந்தது. அவள் சொன்ன சொல்லுக்கு வீட்டுப் பூனைகூட நகரவில்லை.

புள்ளிகளுக்கு வால் முளைத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் கத்தி பிடி நழுவி வலக்கைக் கட்டைவிரலின் மேல்கணுவில் இறங்கியது. அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டிய ஆர்டர் ஒன்று மேசையில் கிடந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு முடித்துக் கொடு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் முதலாளி. முடித்துக் கொடுத்தாள். அதன் பிறகு அந்தக் கணு மடங்கவே இல்லை. புள்ளியைச் சுற்றிக் கத்தி வளைந்து வரும்போது கடைசிக் கால்வட்டத்தில் மணிக்கட்டு தானாக மேலெழும். வட்டம் மூடாமல் ஓரத்தில் சிறு கூர் நின்றுவிடும். இதற்காக முதலாளி அவளுக்கு ஒரு பட்டம் சூட்டினார். சரியாகப் புள்ளி வைக்கத் தெரியாதவளை வாடிக்கையாளர்கள் முன்னால் ‘நம்ம பெரும்புள்ளி’ என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். விரலை மடங்காமல் செய்தவரே விரல் மடங்காததைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். அவளும் பதினோரு ஆண்டுகள் கூடவே சிரித்தாள். அதை நினைக்கும்போதுதான் அவளுக்குப் பின்னாளில் அதிகம் எரிந்தது.

படம் வெட்டத் தொடங்கியது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. மகளின் பிறப்புச் சான்றிதழ் நகலுக்காக எதிர்ச்சாரி அலுவலகத்தில் நான்கு மணி நேரம் வரிசையில் நின்றாள். முறை வந்தபோது சாளரத்துக்குப் பின்னாலிருந்தவர் ஒரு தாளைக் குத்தி நீட்டினார். ‘நேரில் வரவும்.’ நேரில் நிற்கிறவளிடம், அவளே வெட்டிய முத்திரையால், நேரில் வரச் சொன்னார்கள். நேரில்தானே வந்திருக்கிறேன் என்ற ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்து திரும்பிப் போயிற்று.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கழிவுத் தகரத்தில் கிடந்த உள்ளங்கையளவு ரப்பர் துண்டொன்றை எடுத்து, அந்த வரிசையை வெட்டினாள். ஏன் வெட்டினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. வெட்டி முடித்து மை ஒற்றித் தாளில் அழுத்தியபோது தெரிந்தது: சாளரம் தீப்பெட்டியளவுக்குச் சுருங்கி ஒரு மூலைக்குப் போயிருந்தது. அதற்குள்ளிருந்த ஆள் ஒரு கடுகு. வரிசையில் நின்றவர்கள் தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டு, தோளும் முழங்கையும் கைப்பையுமாக, மலையைப் போல நின்றார்கள். யார் பெரியவர், யார் சிறியவர் என்று அங்கே தீர்மானித்தது அவள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது அப்பா. கல்யாணத் தேதியைக் குறித்தது பெரியப்பா. குடியிருக்கும் வீட்டின் சுவர் நிறம்கூட வீட்டுக்காரரின் மைத்துனன் மலிவாக வாங்கி வந்தது. அந்த உள்ளங்கையளவு ரப்பரில் மட்டும் கத்தி எடுத்ததெல்லாம் வெளுப்பு, கத்தி விட்டதெல்லாம் கறுப்பு. கத்தி இருந்தது அவள் கையில்.

அன்று மாலை முதலாளி வழக்கம்போலத் தம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவச் சொல்லிப் பின்னறைக்குள் நீட்டினார். அதுவரை ஒன்பது ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கம் அது. அவள் தலை நிமிராமல், "கையில கத்தி இருக்கு முதலாளி" என்றாள். வேலையாக இருக்கிறேன் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, டப்பாவைத் தாமே கழுவிக்கொண்டார். மறுநாளும் அவரே.

இரண்டு ஆண்டுகளில் பன்னிரண்டு படங்கள் சேர்ந்தன. பேருந்தின் அடியிலிருந்து நீண்டிருக்கும் பணிமனைக்காரர்களின் கால்கள். ஏணிமேல் நின்று கோப்பு இழுக்கும் நாத்தனார். ஜெராக்ஸ் வெளிச்சத்தில் எலும்பு தெரியும் பெண்ணின் கைகள். இடையில் ஒரு விஷயம் கண்டுபிடித்தாள். கையைச் சுற்றாமல் ரப்பரைச் சுற்றினால் புள்ளி உருண்டையாகவே வரும். நேரம் பிடிக்கும், அவசர ஆர்டருக்கு ஆகாது, ஆனால் வரும். படங்களில் அவள் அதைச் செய்து பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே விட்டுவிட்டாள். கண்மணிகளுக்கு வால் இருந்தால்தான் வரிசையில் நிற்பவர்கள் அந்தச் சாளரத்தை ஓரக்கண்ணால் முறைத்தார்கள். உருண்டையான கண்கள் வெறுமனே விழித்தன.

முதலாளி இதையெல்லாம் பார்த்து, முதலில் ரப்பரை வீணாக்காதே என்றார். கழிவுத் துண்டு என்று தெரிந்ததும், பொழுதுபோக்காக ஏதோ கீறிக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மை காட்டினார்.

கண்காட்சிச் செய்தி கடைக்கு வந்தது ஓர் ஆர்டராக. நகராட்சிக் கலைப் பிரிவுக்கு இரண்டு முத்திரைகள் வேண்டும்: ‘தேர்வு செய்யப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’. இரண்டையும் அவள்தான் வெட்டினாள். வாங்கிக்கொண்டு போக வந்த எழுத்தர், காதுக்குப் பின்னால் பேனா செருகிய நடுவயதுப் பெண், சோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி முந்திக்கொண்டார். "புள்ளிக்கெல்லாம் கொஞ்சம் வால் இருக்கும் மேடம். எங்க பெரும்புள்ளி கைவண்ணம். அது வெட்டினாலே அப்படித்தான். படிக்க ஒண்ணும் தடையில்ல." எழுத்தர் சிரித்தார். பின்னறையில் அவள் சிரிக்கவில்லை. ஆர்டரோடு வந்திருந்த கண்காட்சி அறிவிப்பை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் குடியிருப்பவர் எவரும் விண்ணப்பிக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. எவரும் என்ற சொல்லை அவள் நம்பினாள். விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தில், கடையில் அவளுக்கு இருந்த பெயரையே எழுதினாள்: உதவியாளர். தொலைபேசி எண்ணாகக் கடை எண்ணைக் கொடுத்தாள். அந்த இரண்டும்தான் அவள் செய்த பிழை.

திங்கட்கிழமை காலை முதலாளி பின்னறைக்கு வந்தார். முகத்தில் புதுக் களை. கடைப் பெயரைச் சின்ன எழுத்தில், கால் அங்குல உயரத்துக்கு, ஒரு முத்திரை வெட்ட வேண்டும் என்றார். எதற்கு என்று அவள் கேட்டாள். அப்படிக் கேட்கும் பழக்கமும் அந்த இரண்டு ஆண்டுகளில் வந்ததுதான்.

"நம்ம கடைப் படம் கண்காட்சிக்குத் தேர்வாயிருக்கு. பன்னண்டு படத்துலயும் கீழ் மூலையில கடைப் பேரைக் குத்திக் கொடுக்கணுமாம்."

"எந்தப் படம் முதலாளி?"

"நீ கீறிட்டு இருப்பியே, அதுதான்." குரலில் குற்ற உணர்வின் நிழல்கூட இல்லை; நல்ல செய்தி சொல்ல வந்தவரின் குரல். "தேர்வுக் குழுத் தலைவரே போன் பண்ணினாரு. யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. கடையில செஞ்சதுன்னு சொன்னேன். அப்ப கடைப் பேர்ல ஒரு கடிதம் கொடுங்கன்னாரு, கொடுத்தேன்."

"வெட்டினது நான்."

"யாரு இல்லேன்னா? சீல் எல்லாம்கூடத்தான் நீ வெட்டறே. அதுல உன் பேரா இருக்கு? ரப்பர் என்னுது, கத்தி என்னுது, மேசை என்னுது. மூணையும் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, சொல்லு பாப்போம்."

அவர் முன்னறைக்குப் போய்விட்டார். அவள் கை, பதினோரு ஆண்டுப் பழக்கத்தில், ரப்பர் துண்டொன்றை எடுத்துக் கடைப் பெயரைக் கண்ணாடி எழுத்தில் எழுதிவிட்டது. முதல் எழுத்தின் ஒரு காலையும் வெட்டிவிட்டது. அப்போதுதான் தன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அவள் கண்டாள். தன் படங்களிலிருந்து தன்னையே வெளியேற்றும் சொல்லை, தன் கத்தியாலேயே, ஒழுங்காக, ஓரம் பிசகாமல் வெட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அன்று மாலை வரை மற்ற ஆர்டர்களை முடித்தாள். அந்தத் துண்டைத் தொடவில்லை.

வீட்டில், துணி மடித்துக்கொண்டே நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் போர்வையின் மறுமுனையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் வீட்டை விட்டுத் தானே கிளம்பி வந்து, அண்ணன் வீட்டில் ஓர் அறையைத் தனதாக்கிக்கொண்டவள். நாக்கில் தயவு தாட்சண்யம் கிடையாது.

"மிச்சம் என்னன்னு அவர் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"உங்க படத்துல நான் ஏணி மேல நிக்கிறேனே, பாத்துப் பாத்து எனக்கே ஒரு மரியாதை வந்துடுச்சு அண்ணி. ஆபீஸ்ல பெரிய டாக்டர் வந்து கத்தினாகூட, நான் அந்தப் படத்துல இருக்கிறவ, போடான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிறேன். ஊருக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி வெச்சுட்டு, உங்களுக்கு மட்டும் வெட்ட மறந்துட்டீங்களா?"

போர்வை நான்காக மடிந்தது. அவள் அதை இன்னும் இரண்டாக மடித்தாள். தேவைக்கு மேல் அழுத்தி மடித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தோடு சாலையைக் கடந்தாள். கலைப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. காதுக்குப் பின்னால் பேனா செருகிய எழுத்தர் தயிர் டப்பாவை மூடிவிட்டு, என்ன வேண்டும் என்றார். அவள் தாளை மேசைமேல் விரித்தாள்.

எழுத்தர் கெட்டவர் அல்லர். அதுதான் அவளுக்கு அதிக ஆத்திரத்தைத் தந்தது. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு முகத்தையாவது வெறுத்துவிட்டுப் போகலாம். எழுத்தர் பொறுமையாக விளக்கினார். படங்கள் குழுவுக்கு மிகவும் பிடித்துவிட்டன. முதல் சுற்றிலேயே எல்லாரும் கை தூக்கினார்கள். பிறகு தொழில் கட்டத்தைப் பார்த்தார்கள். இவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே, இதை ஒரு கடை உதவியாளர் செய்திருக்க முடியாது என்று தலைவருக்குச் சந்தேகம் வந்தது. கடைக்குப் போன் செய்தார். கடைக்காரரும் கடையில் செய்தது என்றார். ஆகவே கடைக்குக் கொடுத்தார்கள்.

"அப்ப, படம் மோசமா இருந்திருந்தா என்னுதுன்னு நம்பியிருப்பீங்க" என்றாள் அவள்.

எழுத்தர் பேனாவைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி காதிலேயே செருகினார். சான்று ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார், மெதுவாக.

அவள் தாளைப் பார்த்தாள். சான்று இல்லை என்ற வாக்கியத்தின் மேல் அவள் வெட்டிய மூன்று புள்ளிகள் வாலோடு உட்கார்ந்திருந்தன. சனிக்கிழமையிலிருந்து அந்தத் தாளை அவள் நூறு முறை பார்த்திருந்தாள். நூறு முறையும் அவமானத்தைத்தான் பார்த்தாள். நூற்றியோராம் முறை புள்ளியைப் பார்த்தாள்.

"படங்களை எடுங்க மேடம்" என்றாள்.

அலமாரியிலிருந்து உறை வந்தது. அவள் வரிசைப் படத்தை எடுத்து விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மேசைமேல் கனமான கண்ணாடி பேப்பர்வெயிட் ஒன்று கிடந்தது. அதை எழுத்தரிடமே நகர்த்தி, முத்திரையின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னாள். கண்ணாடிக்கு அடியில் புள்ளி பெருத்து எழுந்தது: எள் வடிவம், இடப்பக்கம் கூர். பிறகு படத்தின் மேல். வரிசையில் நின்றவர்களின் கண்மணி, சட்டைப் பொத்தான், கைப்பையின் கொக்கி, எல்லாம் எள், எல்லாவற்றுக்கும் இடப்பக்கம் வால். எழுத்தர் இரண்டாவது படத்தைத் தாமே எடுத்தார். பேருந்துச் சக்கரத்தின் திருகாணிகள். மூன்றாவது. ஏணியின் ஆணித் தலைகள். பேப்பர்வெயிட் தாளிலிருந்து தாளுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது.

"பெரும்புள்ளி" என்றார் எழுத்தர், தமக்குத்தாமே. பிறகு நிமிர்ந்தார். "அது வெட்டினாலே அப்படித்தான்னு அவரே என்கிட்ட சொன்னாரு. நான் சிரிச்சேன்."

"ஆமா. பின்னாடி ரூம்ல கேட்டுச்சு."

எழுத்தரின் முகம் சிவந்தது. எழுந்து உள்ளே அலுவலரிடம் போனார். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. பேச்சு துண்டு துண்டாக வெளியே வந்தது. திரும்பி வந்தபோது அவர் குரலில் ஓர் உற்சாகம் இருந்தது. அலுவலர் ஒத்துக்கொண்டார், ஆனால் தலைவர் திருப்திப்பட வேண்டும், வியாழக்கிழமை அவர் வரும்போது அவர் முன்னால் ஒரு சின்னப் படம் வெட்டிக் காட்டிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும்.

வெட்டிக் காட்டுவது அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. கைப்பையில் கத்திகூட இருந்தது. ஒரு கணம் கை அதை நோக்கிப் போகவும் செய்தது. ஆனால் அந்தக் கையை நேற்றே அவள் ஒரு முறை நிறுத்தியிருந்தாள்.

"காட்ட மாட்டேன் மேடம்."

"அஞ்சு நிமிஷ வேலைதானே உங்களுக்கு?"

"எத்தனையோ பேர் படம் கொடுத்திருக்காங்க. அதுல எத்தனை பேரை வந்து வரைஞ்சு காட்டச் சொன்னீங்க?"

எழுத்தர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். "யாரையும் இல்ல" என்றார்.

"அப்ப நான் மட்டும் எதுக்கு? என் பேருக்கு நேரா உதவியாளர்னு எழுதினதுக்கா? அத எழுதினது தப்புதான். பேனா கொடுங்க, அடிச்சுடறேன். ஆனா வித்தை காட்ட மாட்டேன். சந்தேகப்பட்டவர் கண்ணாடியை வெச்சுப் பாக்கட்டும். நாலு மணி நேரம் கூட வரிசையில நின்னிருக்கேன் இந்த ஆபீஸ்ல. இதுக்கு நிக்க மாட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. ஆனாலும் பக்கத்து மேசைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. பெரியவர் யார், சிறியவர் யார் என்று ரப்பரில் தீர்மானித்த அதே கை இப்போது நாக்கைப் பிடித்து நடத்தியது போலிருந்தது. எழுத்தர் பேனாவை நீட்டினார். அவள் உதவியாளர் என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே ‘வெட்டுபவர்’ என்று எழுதினாள்.

எழுத்தர் மறுபடி உள்ளே போனார். இம்முறை கதவு சாத்தப்பட்டது. கால் மணி நேரம் கழித்து அலுவலரே வெளியே வந்தார், விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. சந்தேகத்துக்கு இடமில்லை, தலைவரிடம் தாமே பேசிக்கொள்வதாகச் சொன்னார். கடைக்குக் கொடுத்த தேர்வு திரும்பப் பெறப்படும். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை; அந்தச் சொல் அந்த மாடியில் புழக்கத்தில் இல்லை. ஒரே ஒரு சிக்கல்தான் என்றார். குத்திய முத்திரையின் மேல் கையால் எழுத விதி இடம் தராது. ரத்து செய்தால் அதற்கும் முத்திரைதான் வேண்டும்; ஆனால் பிரிவில் அப்படி ஒரு முத்திரை இல்லை.

"ஏன் இல்ல?" என்று கேட்டாள்.

அலுவலர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் சொன்னார்: "இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து கேட்டதில்ல."

அந்தப் பதில் அவள் கோபத்தைத் தணிக்கவில்லை. அலமாரிகள் நிறையக் கோப்புகள். ஒவ்வொன்றிலும் அவள் வெட்டிய ஏதோ ஒரு சொல். அத்தனை பேர் அதைப் படித்துவிட்டு, பெரிய இடத்துப் பொல்லாப்பு வேண்டாம் என்று, வீட்டுக்காரரின் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே நிராகரிப்பு கையெட்டும் தூரத்தில் மைப்பஞ்சோடு தயாராக இருக்கிறது. அதைத் திரும்பப் பெறும் சொல்லை மட்டும் யாருமே ஆர்டர் கொடுக்கவில்லை.

எழுத்தர் ஆர்டர் தாள் எழுதினார். ‘ரத்து செய்யப்பட்டது’, ஒன்று, வியாழக்கிழமைக்குள். பழக்கத்தில், அதே கடைக்கு.

கடைக்குத் திரும்பியபோது சாப்பாட்டு நேரம் முடிந்து அரை மணி ஆகியிருந்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் ஆர்டர் தாளை அவர் முன் வைத்தாள். கீழே, கடையின் கடிதம் ரத்தாவதைப் பற்றி அலுவலர் இரண்டு வரி எழுதியிருந்தார். முதலாளி இரண்டு முறை படித்தார். முதல் முறை கண்ணாடி இல்லாமல், இரண்டாம் முறை கண்ணாடி போட்டுக்கொண்டு.

"என் கடையில இருந்துக்கிட்டு, எனக்கு எதிரா எழுதிக் கொடுத்துட்டு வந்தியா?"

"எதிரா எதுவும் எழுதலை முதலாளி. நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். அது வெட்டினாலே அப்படித்தான்னு."

நாளையிலிருந்து வராதே என்றார் அவர். சரி என்றாள் அவள். ஆனால் போகவில்லை.

"வியாழக்கிழமைக்குள்ள கொடுக்கணும்னு போட்டிருக்கு. நீங்களே வெட்டிடறீங்களா?"

பின்னறைக் கதவு திறந்திருந்தது. மேசைமேல் கத்தி கிடந்தது. பக்கத்தில், முதல் எழுத்தின் ஒரு காலோடு நின்றுபோன கடைப் பெயர். ரப்பர் அவருடையது, கத்தி அவருடையது, மேசை அவருடையது. மூன்றும் அங்கே தயாராக இருந்தன, மிச்சம் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. முதலாளி அந்த மேசையைப் பார்த்துவிட்டு, ஆர்டர் தாளை அவள் பக்கமாகத் தள்ளினார். நாளைய பேச்சு அதோடு நின்றது. அவர் எடுக்கவுமில்லை, அவளும் நினைவூட்டவில்லை.

அவள் உட்கார்ந்து, கடைப் பெயர்த் துண்டைக் கழிவுத் தகரத்தில் போட்டாள். புதுத் தகட்டை எடுத்தாள். தனக்குக் கிடைத்த நியாயத்தையும் தானே வெட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் அவளுக்கு இருந்தது. அதை அவள் மறைக்க முயலவில்லை. எழுத்துகள் ஆழமாக விழுந்தன. நான்கு புள்ளிகள். முதல் மூன்றுக்கும் அவள் கையைச் சுற்றவில்லை, ரப்பரைச் சுற்றினாள். அவசர ஆர்டர் என்றாலும் நேரம் எடுத்துக்கொண்டாள். மூன்றும் மிளகைப் போல உருண்டன. நான்காவது புள்ளிக்கு வந்தபோது ரப்பரை அசையாமல் பிடித்துக்கொண்டு, கையைச் சுற்றினாள். கடைசிக் கால்வட்டத்தில் மணிக்கட்டு எழுந்தது. அவள் எழ விட்டாள்.

மை ஒற்றி, துண்டுத் தாளில் குத்தி, முன்னறைக்குக் கொண்டுபோய் வைத்தாள். முதலாளி வழக்கம்போல எழுத்தை விட்டுவிட்டுப் புள்ளிகளைத்தான் முதலில் பார்த்தார். மூன்று உருண்டைகளைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். நான்காவதில் கண் நின்றது. அந்நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் படியேறி உள்ளே வந்துகொண்டிருந்தார். முதலாளியின் உதடுகள் அந்தப் பழைய பட்டத்துக்காகக் குவிந்தன. பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சொல்லாமலே தாளை மடித்து ஆர்டரோடு சேர்த்துக் குத்தி வைத்துவிட்டு, வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.